ஊருக்குக் குழு இல்லாத ஒக்ரோபர்

பேஸ்போல் வர்ணனை கேட்டுத்தான் நான் பிரெஞ்சு பேசப் பழகினேன். வகுப்புக்கும் போனேன்தான். ஆனால் வகுப்பில் சொல்லித் தந்தவை வகுப்பு வாசலோடு நின்றுவிட்டன. மொன்ட்ரியால்-நோரில் குளிர்காலச் சட்டைகள் தைக்கிற ஒரு சிறிய தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் சுப்பவைசர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த கியூபெக் பெண். அவருடைய மேசைக்கு மேலே ஒரு வானொலி இருந்தது. புதன், வியாழன் மத்தியானங்களில் ஆட்டம் இருந்தால், முப்பது மெஷின்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி அதைத் திருகிவிடுவார். அடிப்பவருக்கு மூன்று தவறினால் வெளியே. அடித்துவிட்டு மூன்று பேஸ்களையும் சுற்றி ஓடி, தொடங்கிய இடமான "வீடு" வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் வெளியே போனால் பக்கம் மாறும். அப்படி ஒன்பது இனிங்ஸ். எண்களும், "இன்னும்", "மறுபடியும்", "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்பன போன்ற பேச்சும் அந்த வானொலியிலிருந்துதான் என் வாயில் ஏறின.

இதனால் ஒரு முறை வெட்கப்பட்டும் போனேன். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. அவள் அப்போதுதான் மூன்றாம் வகுப்புக்கு ஏறியிருந்தாள். அதைச் சொல்ல நினைத்து, "என் மகள் மூன்றாவது பேஸை அடைந்துவிட்டாள்" என்று பிரெஞ்சில் ஆசிரியையிடம் சொன்னேன். அவர், "அப்படியென்றால் வீடு வந்து சேர ஒன்றுதான் பாக்கி" என்றார். மகள் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

என் பக்கத்து மெஷின் ஒரு ஹெயிட்டிப் பெண்ணுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் சிப் தைப்பேன், அவள் பொக்கற் வைப்பாள். நாங்கள் சிநேகிதமாகி ஒரு வருடத்துக்குப் பிறகுதான், இளம் வயதில் அவள் தன் ஊரிலே பேஸ்போல் பந்து தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவள் என்பது எனக்குத் தெரிய வந்தது. இரண்டு ஊசி, சிவப்பு நூல், வெள்ளைத் தோல், ஒரு பந்துக்கு நூற்றெட்டுத் தையல். பெட்டி பெட்டியாகத் தைத்து அனுப்பினாளாம். அந்தப் பந்தை வைத்து என்ன செய்வார்கள் என்று அவளுடைய ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகு, சுப்பவைசர் எங்கள் இருவரையும் முதன்முதலாக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அவள் கண்டாள். அன்று அடித்த பந்து ஒன்று எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வந்து விழுந்தது. பிடித்தவர் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். இவள் இறங்கிப் போய், ஒரு நிமிடம் தரும்படி கேட்டு வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல தையல்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் கோடையில் மாதம் ஒரு தடவையாவது போவோம். கூரை மூடிய அந்தப் பெரிய மைதானத்தில் பாதிக்கு மேல் இருக்கைகள் வெறுமையாகத்தான் கிடக்கும். இருக்கிறவர்கள் சத்தம் குறைந்து தெரியக்கூடாது என்பதற்காக, பக்கத்தில் காலியாக இருக்கிற மடக்கு இருக்கைகளைத் தூக்கித் தூக்கி அடிப்பார்கள். படபடவென்று கூரை வரைக்கும் போய்த் திரும்பி வரும். ஊரில் இருந்தபோது உரத்துக் கதைக்காதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே ஒரு கையில் ஓர் இருக்கை, மறு கையில் இன்னோர் இருக்கை என்று அடித்துவிட்டு வருவேன்.

2004ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில் அது முடிந்தது. எங்கள் குழுவை அமெரிக்கத் தலைநகருக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற அறிவிப்பும், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. வேலை முடிந்த கையோடு மெத்ரோ ஏறிப் போனோம். இவ்வளவு நாளும் வராத சனமெல்லாம் அன்று வந்திருந்தது. அடித்துச் சத்தம் எழுப்ப ஒரு காலி இருக்கைகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. மோசமாகத் தோற்றோம். முடிந்த பிறகும் சனம் எழும்பவில்லை. சுப்பவைசர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து, "இனி என் வீட்டுக்குள் பேஸ்போல் வராது" என்றார். அடுத்த நாள் தொழிற்சாலையில் வானொலி வாய் திறக்கவில்லை. மெஷின் சத்தம் இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாலைந்து நாள் அப்படியே போனது. அந்த வருடம் பனி ஹொக்கியும் இல்லை. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு என்று மைதானங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஹொக்கி இல்லாத மொன்ட்ரியாலில் ஆண்கள் பஸ்ஸுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்க ஒன்றுமில்லாமல் நின்றார்கள். ஒக்ரோபர் முதல் திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், சுப்பவைசர் பத்திரிகையில் வெட்டிய ஒரு துண்டோடு எங்கள் மேசைக்கு வந்தார். இறுதிச் சுற்றுக்குத் தெரிவான எட்டுக் குழுக்களின் பெயர்கள் அதில் இருந்தன.

"நாளைக்குத் தொடங்குகிறது. ஆளுக்கு ஒன்று எடுங்கள்" என்றார்.

"பேஸ்போல் வீட்டுக்குள் வராது என்றாயே" என்றாள் என் ஹெயிட்டித் தோழி.

"இது தொழிற்சாலை." அவர் துண்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "பக்கம் இல்லாமல் பார்த்தால், பைஜாமா போட்ட ஆட்கள் வட்டம் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் எடுங்கள். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் எடுக்க விடமாட்டேன்."

தன்னுடையதைத் தானே முதலில் சொன்னார். பொஸ்டன். காரணம், அங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கோடையின் நடுவில்தான் எங்கள் குழுவிலிருந்து ஒருவரைப் பொஸ்டனுக்கு மாற்றியிருந்தார்கள். அதைவிட, பல வருடங்களுக்கு முன் எங்களிடம் பந்து எறிந்த ஒருவர் இப்போது பொஸ்டனின் பெரிய எறிவீரர். "குச்சி மாதிரி இருந்த காலத்தில் அவனை நான் பார்த்தேன். அவன் எங்கே போனாலும் நானும் போவேன்."

தோழி நியூயோர்க் என்றாள். அவளுடைய தங்கை அங்கே புரூக்ளினில். "தோற்றால் அவள் டெலிபோனில் அழுவாள். வென்றால் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பதுதான் கேட்க வேண்டும்." சுப்பவைசருக்கு நியூயோர்க் என்ற சொல்லே ஆகாது. ஆனால் காரணம் சரியாக இருந்தபடியால் ஏற்றுக்கொண்டார்.

நான் யோசித்துவிட்டு மினசோட்டா என்றேன். இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர், வருமானம் போதாது என்று இரண்டு குழுக்களை அடியோடு மூடிவிடப் பேச்சு அடிபட்டது. ஒன்று நாங்கள், மற்றது மினசோட்டா. அவர்கள் தப்பி இப்போது இறுதிச் சுற்றில் நின்றார்கள். எங்களோடு ஒரே கட்டிலில் படுத்திருந்த நோயாளி எழும்பி நடப்பதைப் பார்க்கிற மாதிரி எனக்கு இருந்தது. அதைச் சொன்னேன். சுப்பவைசர் என் தோளில் தட்டினார்.

அந்த வாரம் நான் வீட்டில் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. முதல் ஆட்டத்தில் மினசோட்டா நியூயோர்க்கை வென்றது. இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதைத் தாண்டி நீண்ட இனிங்ஸில் முன்னால் போய், பிறகு கையை விட்டுத் தோற்றது. மூன்றாவதும் போய், இன்னொன்று தோற்றால் வெளியே என்றாகிவிட்டது. என் கணவர் கிரிக்கெட்காரர். யாழ்ப்பாணத்தில் தன் பள்ளிக்கூடத்துக்குப் பந்து போட்டவர். இந்த ஆட்டத்தை அவர் பெரிதாக மதிப்பதில்லை. ஆனாலும் சனிக்கிழமை என்னோடு வந்து சோபாவில் இருந்தார்.

"இஞ்சேரும், உம்மட ஆக்கள் எந்த நிறம்?"

"வெள்ளை. நியூயோர்க் சாம்பல்."

"நியூயோர்க் எண்டால் நான் அந்தப் பக்கம்தான். அக்கா வீடு அங்கையெல்லோ."

அன்றைக்கே மினசோட்டா வெளியே போனது. முன்னுக்கு நின்றார்கள், பிறகு எட்டாம் இனிங்ஸில் எல்லாம் போய்விட்டது. தோற்கடித்தது நியூயோர்க். கணவர் எழும்பிப் போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த சுற்றில் நியூயோர்க்கும் பொஸ்டனும் மோதின. நாலு ஆட்டம் வெல்கிற குழு இறுதித் தொடருக்குப் போகும். தொழிற்சாலையில் சிநேகிதிகள் இருவரும் எதிரெதிராக நின்றபடியால், நான் எந்தப் பக்கம் என்று இருவருமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நழுவிக்கொண்டு திரிந்தேன். பொஸ்டன் முதல் ஆட்டம் தோற்றது. இரண்டாவதும் தோற்றது. சனிக்கிழமை மூன்றாவது ஆட்டத்தில் பத்தொன்பதுக்கு எட்டு என்று அடிபட்டது. மூன்று ஆட்டம் தோற்ற ஒரு குழு திரும்பி வந்து அந்தத் தொடரை வென்ற கதை பேஸ்போலிலேயே கிடையாது என்று வர்ணனையாளர் சொன்னார்.

அப்போதுதான் நான் பொஸ்டன் பக்கம் போனேன்.

காரணம் சொல்ல வேண்டும் என்பது சுப்பவைசரின் சட்டம். என் காரணம் உண்மையில் பொஸ்டனைப் பற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, இன்று பொஸ்டன் தோற்றால் இந்தத் தொடர் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இறுதித் தொடர் மட்டும்தான். பிறகு ஆறு மாதம் குளிர். பிறகு ஏப்ரல் வரும்போது இந்த ஊரில் ஆட்டமே இருக்காது. இன்னும் ஒரு நாள் ஆட்டம் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒரு நாள் கூடக் கிடைக்க வேண்டுமென்றால் பொஸ்டன் வெல்ல வேண்டும்.

"தோத்துப்போன ஆக்களின்ர பக்கம் இப்பவோ போறீர்?" என்றார் கணவர், சப்பாத்து நூலைக் கட்டியபடி.

"இண்டைக்கு ஒருநாள் வெண்டால் காணும்" என்றேன்.

அன்று இரவு ஏழாம் இனிங்ஸ் வரைக்கும் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு வேலை. பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்னைப் பார்த்து, "பொஸ்டன்" என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னார். அவருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது இனிங்ஸில் வென்றார்களாம். தொழிற்சாலைக்குள் நான் நுழையும்போது சுப்பவைசர் வானொலிக்கு முன்னால் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

ஐந்தாவது ஆட்டம் அன்றைக்கே. பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடக்கம். எறியப்போவது அவருடைய ஆள், ஒரு காலத்தில் எங்கள் ஊரில் எறிந்தவர். எங்கள் வேலை முடிவது நாலரைக்கு. சுப்பவைசரின் வீடு மொன்ட்ரியால் தீவின் மறுபக்கம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அவர் அங்கே போய்ச் சேரும்போது மூன்று இனிங்ஸ் முடிந்திருக்கும். என் வீடு தொழிற்சாலையிலிருந்து நடந்து போகிற தூரம்.

"என் வீட்டுக்கு வாருங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒக்ரோபர் செபமாலை மாதம். எங்கள் கோயில் பங்கில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் நாளுக்கு ஒரு வீடாகக் கூடிச் செபமாலை சொல்வோம். அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டு முறை. ஏழு மணிக்குப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். கணவருக்குத் திங்கட்கிழமை உணவகத்தில் லீவு என்றபடியால் வருகிறவர்களுக்கு அவர்தான் ரோல்ஸ் பொரிக்கச் சம்மதித்திருந்தார். ஏழு வருடம் ஒரே தொழிற்சாலையில் இருந்தும் என் வீட்டுப் படி ஏறாத இரண்டு பேரை, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அன்றைக்குப் பார்த்து அழைத்துவிட்டேன்.

தோழியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் கோயிலுக்குப் போகிறவள். "நல்லதுதானே. ஏழு மணிக்கு நானும் செபிப்பேன்" என்றாள். சுப்பவைசர் சின்ன வயதிலேயே கோயிலை விட்டவர். "அந்த நேரம் நான் கீழே காரில் இருந்து வானொலி கேட்பேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே" என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கணவர் எண்ணெய்ச் சட்டியோடு நின்றார். மூன்று பெண்களையும் பார்த்தார். பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, ரோல்ஸ் தட்டை நீட்டி, என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"மாதா சுரூபத்தை எங்கை வைக்கிறது? ரிவிக்குப் பக்கத்து மேசையிலதானே வழமையா வைக்கிறனாங்கள்."

"அங்கையே வையுங்கோ. ஏழு மணிக்கு நிப்பாட்டுவம்."

ஐந்திலிருந்து ஏழு மணிவரை நான் இவ்வளவு சந்தோஷமாக அந்தச் சோபாவில் இருந்ததே இல்லை. முதல் இனிங்ஸிலேயே பொஸ்டனுக்கு இரண்டு ஓட்டம். சுப்பவைசர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தன் ஆள் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் உடம்பை முன்னுக்குத் தள்ளினார். தோழி இரண்டாவது ரோல்ஸைக் கடித்தபடி, "அவன் களைத்துவிட்டான், பார்" என்று சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டினாள். நியூயோர்க் ஓர் ஓட்டம் எடுத்தது. கணவர் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபடி, "இவன் பந்து போடுறதை ஊரில எறியிறது எண்டு நோ போல் குடுத்திருப்பாங்கள்" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்ல முயன்று, கிரிக்கெட்டை விளக்கப் போய், நடுவில் விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு மணியடித்தது. பொஸ்டன் இரண்டு, நியூயோர்க் ஒன்று. தொலைக்காட்சியை நிறுத்தினேன். சுப்பவைசர் படியில் ஏறி வந்தவர்களுக்கெல்லாம் "பொன்சுவார்" சொல்லிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

செபமாலையைத் தொடங்கிவைக்கிற அண்ணை மெழுகுதிரி கொளுத்தினார். திங்கட்கிழமை, சந்தோஷ தேவ இரகசியங்கள். தோழி என் பக்கத்தில் முழங்காலில் இருந்து, நாங்கள் தமிழில் சொல்ல அவள் பிரெஞ்சில் சொன்னாள். எங்கள் "அருள் நிறைந்த மரியே"யும் அவளுடையதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன. மூன்றாம் இரகசியத்தில் கதவு மெதுவாகத் திறந்தது. சுப்பவைசர் சுவரோரமாக நின்று, ஒரு கையில் நாலு விரலும் மறு கையில் இரண்டும் காட்டினார். தலையை ஆட்டினார். நாலு நியூயோர்க்குக்கு. அவருடைய ஆள்தான் கொடுத்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தோழி கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் வாயோரம் துடித்தது. எனக்கு மணி எண்ணிக்கை தவறிவிட்டது. மாதாவிடம் அந்த மாதம் நான் கேட்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு ஓட்டத்தையும் கேட்டுவிட்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

முடிந்ததும் கணவர் தேநீர் கொண்டுவந்தார். நான் எல்லோர் முன்னாலும் போய்த் தொலைக்காட்சியைப் போட்டேன். எட்டாம் இனிங்ஸ். அடிப்பது பொஸ்டன்.

"என்ன இது?" என்றார் செபமாலை அண்ணை.

"பேஸ்போல் அண்ணை. முக்கியமான ஆட்டம். இதில தோத்தால் பொஸ்டன் வீட்டை போகோணும்."

"அப்ப போகட்டும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே பொஸ்டனின் பெரிய உருவமுள்ள அடிவீரர் ஒரு பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேலால் அனுப்பினார். சுப்பவைசர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணவர் நியூயோர்க் பக்கம் என்று சுப்பவைசருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. கொஞ்சத்தில், உயர அடித்துப் பிடிபட்ட ஒரு பந்தில், மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து சேர்ந்தார்; பந்து பிடிபட்ட பிறகு ஓடினால் அதுவும் ஓட்டம்தான். நாலுக்கு நாலு.

தேநீர்க் கோப்பையோடு கிளம்பத் தயாராக நின்றவர்கள் மறுபடி இருந்தார்கள். ஆட்டம் தெரியாதவர்களுக்கும் சமநிலை என்பது தெரியும். ஆள் ஆளுக்குக் கேள்வி. எது யார், யாருக்கு என்ன வேண்டும். நான் சொல்லிக்கொண்டு போனேன். அதற்குள் தானாகவே பக்கம் பிரிய ஆரம்பித்துவிட்டது.

நிலைமை எங்களுக்குச் சாதகமாக இல்லை. அந்த அறையில் நியூயோர்க்கில் சொந்தம் இல்லாத குடும்பமே கிடையாது. ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்குப் பெறாமகள், ஒருவருக்கு இரண்டு மச்சான்மார். பொஸ்டனில் ஒருவருக்கும் ஒருவரும் இல்லை. செபமாலை அண்ணை கை கட்டிக்கொண்டு, "நான் நடுநிலை" என்று சொன்னார். பிறகு, "மகன் நியூயோர்க்கில படிக்கிறான், அதால கொஞ்சம்" என்று இழுத்தார். தோழியைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்தன. அவள் ஓர் அரசி மாதிரி இருந்தாள்.

சுப்பவைசர் என் முழங்கையைத் தட்டி, "எண்பத்தாறு வருடம் என்று சொல்லு" என்றார்.

பொஸ்டன் கடைசியாகக் கிண்ணம் வென்று எண்பத்தாறு வருடம். சொன்னேன். மன்னாரைச் சேர்ந்த ஒரு மாமி, அதுவரை ரோல்ஸில் மட்டும் கவனமாக இருந்தவர், நிமிர்ந்தார்.

"எண்பத்தாறு வருஷமோ?"

"ஓம் மாமி."

"ஒவ்வொரு வருஷமும் விளையாடிறவையோ?"

"ஒவ்வொரு வருஷமும்."

மாமி ரோல்ஸைத் தட்டில் வைத்தார். "அப்ப அவையள் வெல்லட்டுமன். நியூயோர்க்காரருக்கு என்ன குறை." தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுப்பவைசருக்குப் பக்கத்தில் போட்டார். அவரைத் தொடர்ந்து இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். அண்ணையின் மனைவியும் அதில் ஒருவர். அண்ணை அவரைப் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒன்பதாம் இனிங்ஸில் நியூயோர்க் வென்றிருக்க வேண்டும். அவர்கள் அடித்த ஒரு பந்து வலப்பக்க மூலையில் விழுந்து, துள்ளிச் சுவரைத் தாண்டிப் பார்வையாளர்களுக்குள் போய்விட்டது. அப்படிப் போனால் முதல் பேஸிலிருந்து ஓடியவர் மூன்றாம் பேஸில் நிற்க வேண்டும் என்பது சட்டம். துள்ளாமல் இருந்திருந்தால் அவர் வீடு வந்திருப்பார். நியூயோர்க் பக்கம் ஒரே கொதிப்பு. தொலைக்காட்சியில் பந்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.

"தையலில் பிழை இல்லை" என்றாள் தோழி அமைதியாக. "இது சுவரின் பிழை."

நான் அதை மொழிபெயர்த்தேன். பிறகு அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதையும் சொன்னேன். பந்து தைத்த கதை, இரண்டு ஊசி, நூற்றெட்டுத் தையல். கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நூற்றெட்டோ?" என்றார் மன்னார் மாமி. "ஆர் எண்ணிப் போட்டதாம்?"

கேட்டுச் சொன்னேன். "எண்ணத் தேவையில்லை. கை தானாக நிற்கும்" என்றாள் தோழி. அவள் இரண்டு கைகளையும் அகல விரித்து இழுத்துக் காட்டினாள், நூலை இறுக்குகிற மாதிரி. மாமி அந்தக் கைகளை எட்டிப் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு கமராவில் பந்து வந்தபோதெல்லாம் கூடத்தில் இருந்தவர்கள் தோழியைப் பார்த்தார்கள், அவள் சரி என்று தலையாட்டும் வரைக்கும்.

சமநிலையில் ஒன்பது முடிந்தால் முடிவு வரும்வரை ஆட்டம் நீளும். பத்து. பதினொன்று. பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் போய்விட்டன. பன்னிரண்டு. கார் உள்ளவர்கள் இல்லாதவர்களிடம், "இருங்கோ, நான் இறக்கிவிடுறன்" என்றார்கள். பதின்மூன்றாம் இனிங்ஸில் பொஸ்டனுக்காக எறிந்தவர், பந்து காற்றிலே ஆடி ஆடி வரும்படி எறிகிறவர். அடிப்பவனுக்கும் அது அகப்படாது, பின்னால் பிடிப்பவனுக்கும் அகப்படாது. பிடிப்பவர் கையிலிருந்து பந்து மூன்று தடவை நழுவியது. ஒவ்வொரு தடவையும் நியூயோர்க் ஓர் அடி முன்னேறியது. இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆட்கள். இன்னும் ஒரு தடவை நழுவினால் கதை முடிந்தது. அண்ணையின் மனைவி செபமாலையை மறுபடி கைப்பையிலிருந்து எடுத்துவிட்டார். என் கணவர் எழுந்து நின்றார். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளராக இருந்த சிநேகிதன் ஒருவனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. கடைசிப் பந்து ஆடி ஆடி வந்தது. அடிப்பவர் தவறவிட்டார். பின்னால் நின்றவர் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

"அப்பாடா" என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். "நீங்கள் நியூயோர்க்கெல்லோ."

"ஓம்" என்றார். "பிடிச்சவனுக்குச் சொன்னனான்."

பதினாலாம் இனிங்ஸ். பொஸ்டனுக்கு இரண்டாம் பேஸில் ஓர் ஆள். அதே பெரிய அடிவீரர். பந்து பந்தாக அவர் வெளியே தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை என்று எண்ண முடியவில்லை. பிறகு ஒரு சின்ன அடி. பலமே இல்லை. மைதானத்தின் நடுப்பகுதியில், ஒருவருக்கும் எட்டாமல், பூப்போல விழுந்தது. இரண்டாம் பேஸில் நின்றவர் தலைதெறிக்க ஓடி வந்து சேர்ந்தார்.

சுப்பவைசர் கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கத்தியது மன்னார் மாமிதான். கீழ் வீட்டுக்காரர் கூரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவரும் கீழே நின்று கத்துகிறார் என்று புரிந்தது. அங்கேயும் அதே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்தே முக்கால் மணி நேரம். தோழி எழுந்து, தோற்றவளாக எல்லோருக்கும் கை கொடுத்தாள். "என் தங்கை அழப்போகிறாள்" என்று சொல்லி, என் வீட்டு டெலிபோனை எடுத்துப் புரூக்ளினுக்கு அழைத்தாள்.

செவ்வாய்க்கிழமை செபமாலை வேறொரு வீட்டில். ஆறாவது ஆட்டம் எட்டு மணிக்கு. அண்ணை அன்று பின்னேரம் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி, "இண்டைக்கு ஆறரைக்கே தொடங்குவம், குளிர் கூடவாய்க் கிடக்கு" என்றார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பொஸ்டன் அதையும் வென்றது, புதன்கிழமை ஏழாவதையும் வென்றது. மூன்று தோற்று நாலு வென்ற முதல் குழு. இறுதித் தொடரில் செயின்ட் லூயிஸை நாலே ஆட்டத்தில் முடித்தார்கள். மறுநாள் காலை சுப்பவைசர் எங்கள் மெஷின்களை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, வானொலியில் கடைசிப் பந்தின் வர்ணனையைப் போட்டார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் வந்து நின்றார்.

அடுத்த வருடத்தில் வெளிநாட்டுச் சட்டைகள் வந்து குவிந்து, அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. சுப்பவைசர் ஓய்வெடுத்தார். தோழி ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனாள். நான் ஒரு கார்டெரியில், பகலில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற இடத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கப் போனேன். ஒக்ரோபர் முதல் திங்கட்கிழமை சுப்பவைசர் டெலிபோனில் எட்டுப் பெயர்களையும் வாசித்தார். நான் சிக்காகோ என்றேன். காரணம், எண்பத்தெட்டு வருடமாக வெல்லாதவர்கள். வென்றார்கள். மன்னார் மாமி வரைக்கும் செய்தி போய், அடுத்த முறை யாரென்று ஆட்கள் என்னைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் மிகுந்த நம்பிக்கையோடு டிட்ரோயிட் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஐந்தாவது ஆட்டத்தோடு தோற்றுப்போனார்கள். வென்ற குழுவைத் தோழி முதல் நாளே எடுத்திருந்தாள். காரணம் கேட்டபோது, அவர்களுடைய சட்டையில் சிவப்பு நூல் வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். சுப்பவைசர் அந்தக் காரணத்தைச் செல்லாது என்று தள்ளப் பார்த்து, முடியாமல் ஏற்றுக்கொண்டார்.